நூற்றுப் பதினேழு சாய்கோடுகள்

தென்னூர், திருச்சிராப்பள்ளி
28-6-1957, வெள்ளிக்கிழமை

துறையூர் வெங்காய மண்டி உயர்திரு பெரியண்ணன் அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சின்னையா வணக்கத்தோடு எழுதிக்கொண்டது.

"சம்பந்தி அவர்களுக்கு" என்றுதான் முதலில் எழுதினேன். அந்த உறவை நீங்கள் புதன்கிழமை நடுத்தெருவில் வைத்து வாபஸ் வாங்கிவிட்டது ஞாபகம் வந்ததும் அடித்தேன். "நண்பர் அவர்களுக்கு" என்று மாற்றினேன். என் மனைவி வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்து, "அந்த மனுஷரைத் தெருவில நிக்க வச்சு உப்புத் தண்ணி கொப்பளிக்க வச்சாச்சு, இப்ப நண்பராக்கும்?" என்றாள். அதையும் அடித்தேன். மூன்று தாள் வீணான பிறகு வெறும் பெயரோடு விட்டிருக்கிறேன். மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

இங்கு நானும் மனைவியும் மகள் ராசாத்தியும் சௌக்கியம். தங்கள் வீட்டார் சௌக்கியத்தையும் தெரிவிக்கக் கோருகிறேன். முப்பது வருஷமாக எல்லாக் கடிதத்திலும் இந்த வரியை யோசிக்காமல் எழுதியவன், இந்தத் தடவை மூன்று பேர் வாயிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நிச்சயதாம்பூலம் நின்றுபோனதற்கு முழுக் காரணமும் நான். சர்க்காரைத் திட்ட வேண்டாம், என் மகளைத் தவறாக நினைக்கவே வேண்டாம். நடந்ததை முதலிலிருந்து சொன்னால், "இந்த இடம் நமக்கு வேண்டாம்" என்று சொன்னீர்களே, அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஃப்ளூ ஜுரம் கப்பலேறி வந்து மதராஸில் இறங்கியதாகச் சொல்கிறார்கள். இறங்கியது ரயிலேறித் திருச்சிக்கும் வந்துவிட்டது. உடனே சர்க்கார் அவசர உத்தரவு போட்டது. பள்ளிக்கூடத்தை மூடு, சினிமாக் கொட்டகையை மூடு, ஜுரம் பரவிய தெருவைக் கயிறு கட்டி அடை, உள்ளே இருப்பவர்களுக்கு மருந்தும் கஞ்சியும் கொடு என்று. எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு ஜுரம் என்று தெரிய வேண்டுமே? அதற்குத் தெருவுக்கு ஒரு தொண்டர். எங்கள் பூவரசமரத் தெருவுக்கு நான். சுகாதார இன்ஸ்பெக்டர் அற்புதசாமி கோடு போட்ட வெள்ளைத் தாளைக் கொடுத்து, "வீடு வீடாப் போயி ஆளைப் பார்த்துப் பேருக்கு நேரே குறி போட்டுக் கொடுத்துருங்க சார். வாத்தியாருக்கு நான் சொல்லணுமா?" என்றார். சொல்லியிருக்கலாம்.

நான் முப்பத்துநாலு வருஷம் ஆஜர்ப் பட்டியல் எழுதினவன். பேரைக் கூப்பிட்டதும் குரல் கொடுத்தால் ஒரு சாய்கோடு. குரல் வராவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுவேன். கை அப்படியே பழகிவிட்டது. திங்கட்கிழமை முப்பத்தோரு வீடும் ஏறி இறங்கினேன். வாசலுக்கு வந்து "நல்லாருக்கேன் சார்" என்றவர்களுக்கெல்லாம் சாய்கோடு. போர்த்திப் படுத்திருந்தவர்களுக்குக் காலிக் கட்டம். ஆக, நூற்றுப் பதினேழு கோடு, ஆறு காலி. என் வீட்டில் மூன்று கோடு. அடித்தல் திருத்தல் இல்லாத தாள். எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் சுகாதார இலாகா வழக்கத்தில் ஜுரக்காரருக்குத்தான் குறி. ஒரு உதாரணம் சொல்கிறேன். உங்கள் மண்டியில் நல்ல மூட்டைக்குக் கோடு போடுகிறீர்கள் என்று வையுங்கள். லாரிக்காரர் அழுகல் மூட்டைக்குக் கோடு போட்டே பழகினவர். அவர் எதை ஏற்றிக்கொண்டு போவார், எதைக் குப்பையில் கொட்டுவார்? அதுதான் நடந்தது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேன் வந்தது, பின்னாலேயே இரண்டு கை வண்டியில் அண்டாக்கள் வந்தன, தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி பிளீச்சிங் பவுடரைக் கோலமாவு மாதிரி கொட்டினார்கள், ஒலிபெருக்கியில் ஒருவர், "பொதுமக்களே, இந்தத் தெருவில் நூற்றுப் பதினேழு பேருக்கு ஜுரம், யாரும் பீதியடைய வேண்டாம்" என்றார், அந்த நிமிஷம் வரை யாருக்கும் பீதி கிடையாது, அதற்குப் பிறகு அவரவர் கழுத்தை அவரவரே தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள், முழு அரிசி மூட்டையை முதுகில் சுமந்து வந்த எங்கள் தெருப் பிச்சமுத்துவை இரண்டு பேர் மறித்து, "நீங்க நோயாளி, மூட்டைய எறக்கிட்டுப் படுங்க" என்று ஸ்ட்ரெச்சரை நீட்ட, அவர் மூட்டையை ஸ்ட்ரெச்சரில் வைத்துவிட்டு, "தூக்குங்க, ரொம்ப நன்றி" என்று கைவீசி நடந்துவிட்டார். நான் தலைப்பாகையோடு வாசலில் உங்களுக்காகக் காத்திருந்தேன். நம் தெருவில் இத்தனை ஜுரமா, என் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று ஆச்சரியம். என் தாளைப் பார்த்து சர்க்கார் இவ்வளவு வேகமாகக் கிளம்பியிருக்கிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும்கூட.

கஞ்சி கிண்ட ஆள் வேண்டுமே? "தெருவிலேயே திடகாத்திரமானவங்க ஆறு பேர்தான்" என்று லிஸ்டைப் பார்த்துச் சொல்லி, காலிக் கட்டத்து ஆறு பேரையும் எழுப்பினார்கள். சைக்கிள் கடை நஜிமுதீன் பாய் நூற்றுமூன்று டிகிரியில் இரண்டு கம்பளிக்கு அடியில் கிடந்தார்.

"எந்திரிங்க பாய், ஊருக்கு ஒத்தாசை பண்ணுங்க."

"நானா? என்னால நிக்கவே முடியலையே!"

"லிஸ்ட்ல நல்லாத்தானே இருக்கீங்க."

சர்க்கார் லிஸ்ட் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்த நல்ல மனிதர் எழுந்துவந்து கரண்டியைப் பிடித்தார். குளிர் நடுக்கத்தில் கஞ்சி தன்னாலேயே கிண்டுபட்டது. நடுநடுவே அண்டாப் பக்கம் திரும்பித் தும்மவும் செய்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் பதினொரு பேர், ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு, தாம்பூலத் தட்டுகளோடு மூன்று குதிரை வண்டியில் தெருமுனைக்கு வந்தீர்கள். இன்ஸ்பெக்டர் மறித்து யார் வீட்டுக்கு என்று கேட்டதும், வாத்தியார் வீட்டுக்கு நிச்சயத்துக்கு என்று நீங்கள் சொன்னதும், அவர் தாளில் விரலை ஓட்டி, "அங்க மூணு பேருக்கும் ஜுரம்" என்றதும், "பொண்ணுக்குமா?" என்று நீங்கள் கேட்ட குரல் என் வாசல் வரை கேட்டது. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் முதல் வண்டிக் குதிரையின் முன்னங்கால் இரண்டும் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டன. உள்ளே வந்தவர் வெளியே போகக் கூடாது என்பது உத்தரவு. குதிரைக்கு விதிவிலக்கு உண்டா என்று உத்தரவில் எழுதவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. உங்கள் மீசையை மறைத்து வாயில் துணி கட்டினார்கள். தங்கள் சம்சாரம் இருசம்மாள் அம்மாள் தொண்டையில் டார்ச் அடித்தார்கள். பதினொரு பேருக்கும் வரிசையாக உப்புத் தண்ணீர், ஆளுக்கு ஒரு அவுன்ஸ் கசப்பு மருந்து, கசப்பு போகப் பாய் கையால் ஆளுக்கு ஒரு டம்ளர் கஞ்சி. பழம், வெற்றிலை, தேங்காய் எல்லாவற்றின்மேலும் பினாயில் தெளித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். நீங்கள் துணியை இழுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னது அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது: "வாத்தியாரே, பொண்ணு கொடுக்க இஷ்டமில்லேன்னா வாயால சொல்லியிருக்கலாமே. இதுக்குப் போயி கவர்மெண்டையே கூட்டிட்டு வரணுமா?"

அப்போதுதான் ராசாத்தி பட்டுப்புடவையோடு வெளியே வந்தாள். உள்ளே போம்மா என்றேன், கேட்கவில்லை. நேராக இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போய், "சார், இந்தச் சாய்கோடெல்லாம் யாருக்குன்னு நெனச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஜுரக்காரங்களுக்கு."

"இல்லீங்க சார். இது ஆஜர் கோடு. எங்கப்பா, வாசலுக்கு வந்து குரல் கொடுத்தவங்களுக்குத்தான் இதைப் போடுவாரு. மாப்பிள்ளை பிடிச்சிருக்கான்னு கேட்டாரு, நான் சரின்னேன். அதுக்கும் காலண்டர்ல ஒரு கோடுதான் போட்டாரு."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தார், நல்லவேளை இருந்தது. மாப்பிள்ளை, உங்கள் மகன் ரங்கசாமி, கொப்பளித்துக்கொண்டிருந்த உப்புத் தண்ணீரைச் சிரிப்பில் முழுசாக விழுங்கிவிட்டார். அவர் ஒருவர் சிரித்ததுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

அப்புறம் கயிற்றை அவிழ்த்தார்கள், ஆனால் மணி பன்னிரண்டு ஐந்து. நீங்கள் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டீர்கள்.

ஐயா, பிசகினது என் கை. அதற்குத் தண்டனை என் மகளுக்கு வேண்டாம். அன்று முதல் அவள் அந்தக் காலண்டரைத் திருப்பி மாட்டியிருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. வருகிற புதன்கிழமையும் நல்ல நாள்தான். இப்போது தெரு முழுக்கச் சுத்தம், கயிறும் கிடையாது பவுடரும் கிடையாது. எங்கள் வீட்டில் ஒரு தும்மல்கூட இல்லை. பதினொரு பேரும் தைரியமாகப் புறப்பட்டு வாருங்கள். புதுத் தேங்காய் நானே வாங்கி வைக்கிறேன்.

தங்கள் சம்சாரத்துக்கும் மற்ற பெரியவர்களுக்கும் எங்கள் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசி. மண்டியும் மக்களும் குறைவின்றி விளங்க அரங்கன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
சின்னையா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது துறையூர் பஸ் கண்டக்டர், தங்கள் மகன் ரங்கசாமி எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "மாமா, உங்கள் முறைப்படியே கணக்கெடுத்து அனுப்புகிறேன்" என்று ஆரம்பித்து, பதினொரு பெயர் எழுதியிருக்கிறார். உங்களுடையதோடு சேர்த்துப் பத்துக் கட்டம் காலி. அவர் பேருக்கு மட்டும் சாய்கோடு. கீழே ஒரு வரி: "போர்வைக்குள்ளிருந்து அப்பா சொல்கிறார், அந்தக் கசப்பு மருந்து நல்ல மருந்து, மிச்சம் இருந்தால் சம்பந்தியைக் கொடுத்தனுப்பச் சொல்."

சம்பந்தி அவர்களே! அந்தச் சொல்லை நாலு தடவை படித்தேன். ஐந்தாம் தடவை எழுத்து ஆடியது. ராசாத்தி தெர்மாமீட்டர் வைத்தாள். நூற்றிரண்டு. வெள்ளையம்மாள் ஏற்கெனவே படுத்தாகிவிட்டது. ஆகவே மேலே சௌக்கியம் என்று எழுதியதை அடித்துவிடவும். தும்மல் இல்லை என்றதையும் அடிக்கவும், அதற்கப்புறம் இந்தத் தாளின்மேலேயே ஆறு தும்மல் ஆகிவிட்டது. புதன்கிழமை வர வேண்டாம். கடிதத்தை நல்ல வெயிலில் காயவைத்துவிட்டுப் படிக்கவும். இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அன்று மிஞ்சின மருந்து இரண்டு சீசா கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன்.

என்னால் பேனா பிடிக்க முடியாமல், இந்தப் பின்குறிப்பை நான் சொல்லச் சொல்ல ராசாத்திதான் எழுதுகிறாள். காலண்டரையும் நேராக மாட்டிவிட்டாள். எங்கள் வீட்டில் இன்றைக்குக் கோடு வாங்கினவள் அவள் ஒருத்திதான். அடுத்த வரியை எழுதமாட்டேன் என்று பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டதால், எப்படியோ நானே எழுதுகிறேன்: தேதி பிறகு பார்த்துக்கொள்ளலாம், நிச்சயத்துக்குக் கட்டாயம் வேண்டிய இரண்டு பேரும் ஆஜர்.