பம்ப்செட்டைச் சுற்றி ஓர் ஒளிவட்டம்

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் எந்த மெஷினும் வந்த கையோடு வேலையில் இறங்கிவிட முடியாது. லேத்தோ, மொபெட்டோ, மிக்ஸியோ, முதலில் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு சூடம் பார்த்தாக வேண்டும். அப்புறம்தான் பிளக்கைச் செருகுவோம். (பூசை போடாமல் ஓட்டிய கிரைண்டரில் இட்லி மாவு பொங்காது என்று சத்தியம் செய்கிறவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு.) இதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. மெஷினுக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று மட்டும் விசாரித்துவிட்டு வைப்பது நல்லது.

தொண்ணூறுகளின் கடைசியில், கணபதியில் என் சித்தப்பா பம்ப்செட் பட்டறை வைத்திருந்தார். பொள்ளாச்சியில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்ன என் அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு வந்து தொடங்கிய பட்டறை. தொழில் படுத்துக் கிடந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு வியாபாரி, பம்ப் படத்தை ஈமெயிலில் அனுப்புங்கள், பிடித்திருந்தால் ஆர்டர் தருகிறேன் என்று எழுதியிருந்தார். அது வந்தால் பட்டறை. வராவிட்டால் அண்ணன் முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தோப்புக்கே திரும்ப வேண்டும்.

சித்தப்பாவின் மனைவியான சின்னம்மாவின் தம்பி, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். பிலிமே கிடையாது.

"படம் தெளிவா உளுகுதான்னு நல்லா சோதிச்சுப் பார்த்துச் சொல்லு கண்ணு. தேறுச்சுன்னா நம்மளே வெச்சுக்கலாம்" என்றார் சித்தப்பா. கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்திருந்ததால், கரண்டில் ஓடும் சகலத்துக்கும் குடும்பத்தில் நான்தான் டாக்டர். டிஜிட்டல் கேமராவை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன் என்ற சின்ன விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"பிலிம் இல்லீன்னா படம் எங்க கண்ணு போய் நிக்கும்?" என்று சின்னம்மா கேட்டார்.

"உள்ளாறயே நிக்குமுங்க சின்னம்மா."

அவருக்குப் புல்லரித்துவிட்டது. "அப்பப் பூசை போட்டே ஆகோணும்" என்று சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையை விட்டு வயரை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏங்கண்ணு, இதுக்கு நெத்தி எங்க இருக்குது?"

"நடுவுலதானுங்க!" என்றேன், திரும்பியே பார்க்காமல்.

நடுவில் லென்ஸ் இருந்தது. வட்டமாக, பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருந்திருக்கிறது. சின்னம்மா மனசாரச் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, சூடம் காட்டி முடித்ததும், "படம் எடுக்கறப்ப உறுத்தும்" என்று முந்தானையால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு சோதனையில் இறங்கினேன். சித்தப்பா மீசை, சுவர்க் காலண்டர், வாசல் தென்னை, கடைசியாகப் பச்சைப் பெயின்ட் அடித்த பம்ப்.

படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர், படத்தைப் பொசுக்கென்று காட்டிவிடாது. மேலிருந்து கீழே, பட்டை பட்டையாக இறக்கும். மூன்று பேரும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்புறம் வெளிச்சத்துக்குள்ளிருந்து பம்ப் வந்தது. சுற்றிலும் தங்க நிறத்தில் ஒரு ஒளிவட்டம். இரும்பாலும் பெயின்டாலும் ஆன வஸ்து மாதிரியே இல்லை, மேகத்தின் மேல் எழுந்தருளியிருந்தது.

சின்னம்மா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சித்தப்பா கால் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"என்ற பம்பாடா இது?" என்றார்.

அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காலண்டரில் தேதி எது, ராகு காலம் எது என்றே தெரியவில்லை. சித்தப்பாவின் மீசை தாடி வரைக்கும் இறங்கியிருந்தது. ஆனால் எனக்கும் மெய்சிலிர்த்துப் போயிருந்தது. (டாக்டர் வேறு அல்லவா!)

"டிஜிட்டல்னா இப்படித்தானுங்க சித்தப்பா. பிலிம்ல வெளிச்சம் அடங்கிப் போயிரும். இதுல அப்படியே பொங்கி வருமுங்க" என்று அடித்துவிட்டேன். ஒளிவட்டத்தோடு பம்ப் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தது.

மறுநாளே பதில் வந்தது. சித்தப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டு தரம் வாசித்தேன்.

"என்னடா சாமி எழுதியிருக்கறாரு? சொல்லு."

"உங்க பம்பு பொகையுதுங்கறாருங்க. தீப்புடிச்சிருந்தா மொதல்ல அணைச்சுப்போட்டு அப்பறமா எழுதச் சொல்றாருங்க."

மானம் கப்பலேறும் என்பார்கள். என் மானம் டெலிபோன் வயரில் ஏறிக் கடலே தாண்டியிருந்தது. சித்தப்பா என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "அப்ப தோப்புக்குப் போயர வேண்டீதுதான்" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லென்ஸ் ஓரத்தில் ஒரு துணுக்குக் குங்குமம் ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். கோயில் வாசனை.

"நீதான கண்ணு நடுவுலன்னு சொன்னே?" என்றார் சின்னம்மா. நான் பஞ்சைத் தேடிக்கொண்டு எழுந்தேன்.

பஞ்சும் தண்ணீருமாகப் பதமாகத் துடைத்து, மறுபடி எடுத்து, மறுபடி ஏற்றினோம். பட்டை பட்டையாகப் பம்ப் இறங்கியது. அடேங்கப்பா! பெயர்ப்பலகையில் எழுத்து தெரிந்தது. போல்ட்டின் மரை தெரிந்தது. பெயின்ட் ஒழுகிக் காய்ந்த கோடு தெரிந்தது. வார்ப்பில் விழுந்த ஓட்டையைப் பட்டி பூசி மறைத்திருந்த இடம், மறைத்ததாகவே தெரிந்தது. ஈரப் பெயின்டில் பதிந்த ஒரு பெருவிரல் தடமும் தெரிந்தது.

சித்தப்பா தன் பெருவிரலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"அட கருமமே! இதுக்கு அந்தப் பொகையே தேவுல. அம்மணி, அந்தச் சந்தனக் கிண்ணத்தக் கொண்டா!"

சின்னம்மா எழுந்தே விட்டார். சித்தப்பா சிரித்துக் கையமர்த்தினார். பிறகு நெடுநேரம் திரையை விட்டு நகரவே இல்லை. "இத்தன வருசமா கையில தடவித்தான்டா பார்த்துட்டிருந்தேன். கண்ணுல இன்னைக்குத்தான் பார்க்கறேன்" என்றார். பயமும் பக்தியும் கலந்த அந்தக் குரலை நான் அவரிடம் அதற்குமுன் கேட்டதில்லை.

பெயின்டைச் சுரண்டினார். ஓட்டை விழுந்த வார்ப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பூட்டினார். பெயின்ட் காயும்வரை யாரையும் பக்கத்தில் விடவில்லை. மூன்றாவதாக எடுத்த படம்தான் ஆப்பிரிக்காவுக்குப் போனது. சின்ன ஆர்டர்தான் வந்தது, ஆனால் வந்தது. பட்டறை இன்றும் ஓடுகிறது. பம்ப் எதுவும் கேமராவுக்கு முன்னால் நின்று தேறாமல் வாசல் தாண்டுவதில்லை.

நானும் என் பங்குக்கு ஒருநாள் கேமராவுக்கு முன்னால் நிற்க வேண்டி வந்தது. என் கல்யாணத்தில், மணவறையில். போட்டோகிராபர், "மாப்பிள்ளை, சித்தெ நிமிருங்க, முகம் தெளிவா உளுகட்டும்" என்றார். பின்னாலிருந்து சின்னம்மாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"வேண்டாந் தம்பி! அவன் மொகத்துக்குத் தெளிவெல்லாம் ஆகாது. நீங்க லென்ஸுக்கு ஒரு பொட்டு வெச்சுட்டு எடுங்க!"