தடை செய்யப்பட்ட காது

மலையின் தூய்மையைக் காக்கும் மாபெரும் பொறுப்பு, கொடைக்கானல் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகையிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மதுரை பஸ் அங்கே வந்து நின்றதும், சோதனைச் சாவடி அலுவலர் திருமலைச்சாமி ஏறி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பிளாஸ்டிக் யாராச்சும் வச்சிருக்கீங்களா?"

பஸ் ஒரே குரலில் இல்லை என்றது. தமிழ்மதியால்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. உயிரியல் படித்தவள், போதாததற்கு உண்மை பேசும் வியாதியும் இருந்தது.

"ஒரு காது இருக்கு, சார்."

"எல்லாருக்குந்தான் இருக்கு."

"இது பிளாஸ்டிக்ல வளந்தது."

பிறவியிலேயே அவளுக்கு வலது காது மடல் கிடையாது. ஆஸ்பத்திரியில் அவளுடைய குருத்தெலும்பிலிருந்தே கொஞ்சம் செல் எடுத்து, காது வடிவப் பிளாஸ்டிக் அச்சில் வளர்த்து, தைத்து வைத்திருந்தார்கள். அச்சு மெல்லக் கரைந்துபோகும்; காது தங்கிவிடும். இத்தனை வருஷமாக முடியை இறக்கிவிட்டே திரிந்தவள், இன்றைக்குத்தான் தூக்கிக் கொண்டை போட்டிருந்தாள். மலைமேல் தன் ஊரான பூண்டியில் போய் இறங்கும்போது ஊரே அந்தக் காதைப் பார்க்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

"மறுபடி பயன்படுத்துவீங்களா?"

"எத, சார்?"

"காத. ஒரு தடவ மட்டும் பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத்தான் தடை."

"ஒரு தடவதான் சார் வைப்பாங்க..."

"நீங்களே ஒத்துக்கிட்டீங்க." திருமலைச்சாமி ஆழ்ந்த வருத்தத்துடன் தீர்ப்பளித்தார். "கழட்டி இங்க வச்சிட்டுப் போங்க. கீழ எறங்கும்போது வாங்கிக்கலாம். டோக்கன் தருவோம்."

"தையல் போட்டிருக்குங்க, சார். காது உசுரோட இருக்கு!"

கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார். "தனி உசுரா? அப்ப அரை டிக்கெட்டாச்சும் போடணுமே."

முன் சீட்டு வடிவு பொறுமை இழந்தாள். "ஏம்மா, வெரசாக் கழட்டிக் குடுத்துட்டு வா. எங்களுக்குச் சோலி கெடக்கு."

"அக்கா, காதுக்கா!"

"இன்னொண்ணு இருக்குல்ல?"

திருமலைச்சாமி கண்ணை மூடி, விதிமுறைகளை மனசுக்குள் புரட்டினார். இரக்க குணம் உள்ளவர், வழி கிடைத்துவிட்டது.

"பார்வையில் படும் வகையில் எடுத்துச் செல்லுதல்னுதான் விதியில இருக்கு. மறைச்சு வச்சா நான் பாக்கல. முடிய அவுத்து விடுங்க."

"எம்புட்டு நாளைக்கு, சார்?"

"பிளாஸ்டிக் கரையுற வரைக்கும்."

"அதுக்கு வருஷக்கணக்காகுமே!"

"மலைக்காக இதுகூடச் செய்ய மாட்டீங்களா?"

பஸ்ஸே கை தட்டியது. தமிழ்மதி கொண்டையை அவிழ்த்தாள். காது மறைந்தது, சுற்றுச்சூழல் பாதுகாக்கப்பட்டது. திருமலைச்சாமி இறங்கி விசில் அடித்தார்.

வடிவு திரும்பி, இப்போது அன்பாகவே சொன்னாள்: "இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியல."

அடுத்த வளைவு தாண்டியதும் முந்தானைக்குள்ளிருந்தும் பைக்குள்ளிருந்தும் தண்ணீர் பாட்டில்கள் வெளியே வந்தன. காலியானவை ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகப் பள்ளத்துக்குப் போயின. அந்த பஸ்ஸில் ஒளித்து வைத்திருந்ததில், வெளியே வராமல் இருந்தது காது ஒன்றுதான்.