ரொறன்ரோச் சட்டமும் என் டிப்ஸும்

எனக்குச் சட்டம் தெரியாது. அது தெரியாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் ஓர் உணவகத்தில் பரிமாறுகிறேன். மேசைகளில் விழும் டிப்ஸ் எல்லாம் ஒரே பெட்டிக்குள் போய், மாதக் கடைசியில் எல்லோருக்கும் சமமாகப் பிரியும். என் பங்கைச் சேர்த்துத்தான் ரொறன்ரோவில் மச்சானின் மகள் கலியாணத்துக்கு டிக்கெட் போடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அந்தப் பெட்டியில் மனேஜர் கிர்ஸ்டனுக்கும் பங்கு இருந்தது. ஒரு தட்டைக்கூடத் தூக்காத மனுசிக்கு எதற்குப் பங்கு?

கொதிப்பை மச்சானிடம் போனில் கொட்டினேன்.

"அத்தான், மனேஜர்மார் டிப்ஸில கை வைக்கேலாது. சட்டம்! விடாதேங்கோ!"

எந்த நாட்டுச் சட்டம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். (எங்கள் குடும்பத்தில் கனடாக்காரர் சொன்னால் அது உலகச் சட்டம்.)

அடுத்த ஊழியர் கூட்டத்தில் எழுந்து, எனக்குத் தெரிந்த டேனிஷ் முழுவதையும் திரட்டி முழங்கினேன்: "பொறுப்பில் இருக்கும் யாரும் டிப்ஸ் எடுக்கக் கூடாது. அது சட்டம்!"

கைதட்டினார்கள். தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கிர்ஸ்டனுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எரிச்சல்.

"டென்மார்க்கில் அப்படியொரு சட்டம் இருப்பதாக எனக்குத் தெரியாது. இங்கே நாமே பேசி முடிவெடுப்பதுதான். ஆனால் நீ சொல்வது நியாயம். கை தூக்குங்கள்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. முதற்கை என்னுடையது.

"சரி. இனிப் பொறுப்பாளர்களுக்குப் பங்கில்லை. எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை."

"எனக்கா?"

"வார இறுதி மாலைகளுக்கு நீதானே பொறுப்பாளர்? கேட்டு வாங்கினாயே!"

(வாங்கினேன். சம்பளத்தில் ஒரு குரோணர் கூடவில்லை. சட்டையில் குத்த 'பொறுப்பாளர்' என்று எழுதிய ஒரு பட்டி தந்தார்கள். அதைப் படமெடுத்து மச்சானுக்கும் அனுப்பியிருந்தேன்.)

வீட்டில் மனைவி தலையில் கை வைத்தாள். "ஏனப்பா, உங்களை ஆர் எழும்பிக் கதைக்கச் சொன்னது?"

"உம்மட தம்பிதான்!"

தம்பியைப் பிடித்தால், "ஐயோ அத்தான், நான் இஞ்சத்தைச் சட்டத்தையெல்லோ சொன்னனான்" என்கிறான்.

கலியாணத்தை வாட்ஸப்பில் பார்த்தோம். தாலி கட்டும் நேரம் படம் உறைந்துபோனது. மனைவி திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

இன்றும் ஆட்டிறைச்சிக் கறி மேசைக்கு வந்தால், இங்கே பிறந்த என் மகள் சட்டியை என்னைத் தாண்டி நகர்த்திவிட்டு டேனிஷில் சொல்வாள்: "பொறுப்பாளர்களுக்குப் பங்கில்லை."

"ஓம்," என்பாள் மனைவி. "டென்மார்க்கில இல்லாட்டியும் இந்த வீட்டில அது சட்டம்."