கடலுக்கு நூறு அடி தள்ளி

இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் என் மனைவியிடம் நான் மறைத்துவைத்திருந்த ரகசியம் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் மறைக்க ஆரம்பிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஒன்றை மட்டும் எப்படியோ கட்டிக் காப்பாற்றி வந்தேன்.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம்.

சிரிக்காதீர்கள். நான் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்ப்பவன். வீடு வீடாகப் போய், மூடியைத் திறந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வருவேன். ஊர் குடிக்கிற, குளிக்கிற தண்ணீருக்கெல்லாம் நான்தான் சாட்சி. ஆனால் அந்தத் தண்ணீர் குழாய்க்குள் இருக்க வேண்டும். வாளிக்குள் இருந்தாலும் சமாளிப்பேன். இடுப்பளவுக்கு எங்காவது ஒன்றுகூடி நின்றால் நான் எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்துவிடுவேன். எட்டு வயதில் என் மாமா, "தூக்கிப் போட்டா நீச்சல் தன்னால வரும்" என்று என்னைக் குளத்தில் தூக்கிப் போட்டார். நீச்சல் வரவில்லை. மாமாதான் வந்தார், சட்டையோடு குதித்து.

புது மனைவியிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? மானம் என்று ஒன்று இருக்கிறதே. மைத்துனர் நீச்சல் குளத்துக்குக் கூப்பிட்டால் எனக்குக் காதுவலி. குடும்பத்தோடு ஆற்றுக்குப் போனால், "எல்லாரும் இறங்குங்க, நான் செருப்பைப் பாத்துக்கறேன்" என்பேன். இந்த இருபத்தைந்து வருடத்தில் நான் காவல் காத்த செருப்புகளைச் சேர்த்துவைத்திருந்தால் ஒரு கடையே திறந்திருக்கலாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு மாதத்துக்கு முன் இடி விழுந்தது.

"என்னங்க, இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு எங்க போறோம்?"

"நீயே சொல்லு. எங்க வேணா போலாம்" என்று தாராளமாகச் சொல்லிவிட்டேன். பேப்பர் படித்துக்கொண்டே பேசினால் இப்படித்தான் ஆகும்.

"தீவுக்குப் போலாம்."

பேப்பர் கீழே விழுந்தது.

"கடலுக்கு அடியில மீனெல்லாம் நீந்துறதைப் பாக்கணுங்க. முகத்துல அந்த முகமூடி மாட்டிக்கிட்டு, வாயில குழாய் வெச்சுக்கிட்டுப் பாப்பாங்களே, அந்த மாதிரி. உங்ககூடச் சேந்து பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அவள் இதுவரை என்னிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. அதுதான் சிக்கல். நகை கேட்டிருந்தால் வாய்க்கு வந்தபடி சண்டை போட்டிருப்பேன்.

"எனக்கு வர ஆசைதான்" என்று இழுத்தேன். "ஆனா மூக்குக்கண்ணாடி இல்லாம எனக்கு எதிர்ல நிக்கிற பஸ்ஸே தெரியாது. கடலுக்குள்ள எப்படிக் கண்ணாடி போடறது? ஒண்ணுமே தெரியப்போறதில்ல. வீண் செலவு."

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். பத்தொன்பது வருடமாகச் சட்டத்துக்குள் லென்ஸ் பொருத்துவதுதான் வேலை. என் பிறந்தநாளை மறந்தாலும் என் பவரை மறக்கமாட்டாள். என் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"அதுவும் சரிதான்" என்றாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த உற்சாகத்தில் அன்றே ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். தீவுக்குப் போவோம். ஆனால் என் திட்டப்படி போவோம். பழைய மீட்டர் தாளின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் தலைப்பு எழுதினேன்: "சிக்கனச் சாகசத் திட்டம்." முதல் நாள் மலையேற்றம். இரண்டாம் நாள் சைக்கிளில் தீவைச் சுற்றுதல். மூன்றாம் நாள் குகை. நான்காம் நாள் பறவைகளை வேடிக்கை பார்த்தல். எல்லாமே வீரதீரச் செயல்கள். எல்லாமே செலவில்லாதவை. எல்லாமே கடலுக்கு நூறு அடி தள்ளி.

"நல்லா இருக்குங்க" என்றாள் படித்துப் பார்த்துவிட்டு.

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அவள் ஒன்றை ஒப்புக்கொண்டால் உடனே உஷாராகிவிட வேண்டும். இது எனக்கு இருபத்தைந்து வருட அனுபவம் சொல்லிக்கொடுத்த பாடம். எப்போதும் ஒரு வாரம் கழித்துத்தான் ஞாபகம் வரும்.

முதல் நாள் மலை ஏறினோம். நானூறு படி. பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அவள் முன்னால் போய் நின்று, திரும்பிப் பார்த்து, எனக்காகக் காத்திருந்தாள்.

"உனக்கு எப்ப இவ்வளவு தம் வந்துச்சு?"

"அதான் நாலு மாசமா காலையில யோகா வகுப்புக்குப் போறேனே."

"யோகா பண்ணா தலை ஈரமாகுமா? தினமும் சொட்டச் சொட்ட வருவியே!"

"வேர்வைங்க" என்றாள். நானும் நம்பினேன். யோகா செய்து பார்த்தவன் இல்லையே நான்.

மலையுச்சியில்தான் என் திட்டத்தின் ஓட்டை தெரிந்தது. தீவின் உச்சியில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். வேறு ஒன்றும் இல்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே கரையோரம் தண்ணீர் பச்சையாக இருந்தது. அதில் யாரோ முகம் குப்புற மிதந்துகொண்டிருந்தார்கள். அவள் கண் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. "பாரு, இந்தக் கல்லு எவ்வளவு பழசு" என்று ஒரு பாறையைக் காட்டினேன். பாவம், அதையும் பார்த்தாள்.

இரண்டாம் நாள் சிக்கனத்தை உத்தேசித்து ஒரே ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன். முதல் மேட்டிலேயே எனக்குத் தொடை பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் மிதித்தாள், நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வழியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான் கையசைத்தேன்.

மூன்றாம் நாள் காலை குகைக்குக் கிளம்பும்போது விடுதிக்காரம்மா குறுக்கே வந்தார். இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. அவர் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிடும்.

"குகையில வேலை நடக்குது சார், உள்ள விடமாட்டாங்க. குட்டித் தீவுக்குப் போங்களேன்! காலையில கடல் வடிஞ்சு மணல்பாதை வெளிய வந்துடும். கால் நனையாம நடந்தே போலாம். ஒரு காசு செலவில்ல."

'கால் நனையாமல்.' 'ஒரு காசு செலவில்லை.' எனக்கென்றே கடவுள் போட்டுவைத்த பாதை! கடலுக்கு நடுவில் மனைவியைக் கூட்டிக்கொண்டு போன பெருமையும் வந்து சேரும். ஆனாலும் நான் ஏமாளி இல்லை. வரவேற்பறைச் சுவரில் தண்ணீர் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் எழுதித் தொங்கவிட்டிருந்த பலகையை மூன்று முறை படித்தேன். எண்களைப் படிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பத்தரைக்குள் திரும்பிவிட்டால் பிரச்சினையே இல்லை.

போனோம். நாலு தென்னை மரம், ஒரு கைப்பிடி நிழல், அதுதான் குட்டித் தீவு. அவள் போர்வையை விரித்து, வாழைப்பழமும் ரொட்டியும் எடுத்துவைத்தாள். தின்றேன். காற்று சுகமாக அடித்தது. இரண்டு நாள் சாகசத்தில் உடம்பு விட்டுப்போயிருந்தது.

"பத்து மணிக்கு எழுப்பிடு. மறந்துடாத" என்று படுத்தேன்.

"சரிங்க" என்றாள்.

நானாகவே கண் விழித்தேன். மணி பதினொன்றேகால். மணல்பாதையைக் காணோம். வந்த வழி முழுக்கக் கடல்.

"ஏன்டி எழுப்பல?"

"எழுப்பலாம்னுதான் பாத்தேன். நல்லா குறட்டை விட்டீங்க. மனசு வரல."

கரையோரம் அளவு எழுதிய கம்பம் ஒன்று நட்டிருந்தார்கள். அதன் முன்னால் போய் நின்றேன். பழக்கதோஷம், வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். "முப்பத்தாறு... முப்பத்தொம்போது... ஐயோ, நாப்பத்தி ரெண்டு!"

"போன மாசத்தைவிட அதிகமா இருக்கா?" என்றாள் பின்னாலிருந்து.

"விளையாடாத! போனைப் போடு. படகை வரச் சொல்லு!"

"படகுக்குச் செலவாகுமேங்க. சிக்கனத் திட்டம்?"

"கிழிச்சுப் போடு அதை!"

"இடுப்பளவுதான் இருக்கும். நடந்தே போயிடலாமே?"

"முடியாது!"

"ஏங்க முடியாது?"

நான் அவளைப் பார்த்தேன். காதுவலி, செருப்பு, வீண் செலவு, இருபத்தைந்து வருடமாகக் கைகொடுத்த ஒன்றும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

"எனக்குத் தண்ணின்னா பயம்" என்றேன். குரல் எட்டு வயதுப் பையனின் குரல் மாதிரி வந்தது.

"தெரியும்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"கல்யாணம் ஆன மூணாவது நாள்லேர்ந்து. உங்கம்மா சொன்னாங்க. 'குளம் குட்டைன்னு அவனைக் கூப்பிடாதம்மா, பயந்துடுவான்'னு."

இருபத்தைந்து வருடக் காதுவலி! நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்புறம் ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல?"

"அவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறீங்க. தெரியும்னு சொன்னா மனசு ஒடைஞ்சிட மாட்டீங்களா? அதான் விட்டுட்டேன்."

எத்தனை பேருக்கு இப்படி ஒருத்தி வாய்ப்பாள், சொல்லுங்கள். என் பொய்யை என்னைவிடப் பத்திரமாக அவள் பாதுகாத்திருக்கிறாள்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பயப்படாதீங்க. பன்னெண்டரைக்குப் படகு வந்துடும். விடுதிக்காரம்மாகிட்ட காலையிலயே சொல்லி வெச்சிருக்கேன்."

"காலையிலயேவா? அப்ப அந்தக் குகை?"

"குகை தெறந்துதான் இருக்கு" என்றாள் கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பிறகு பையிலிருந்து எதையோ எடுத்தாள். இரண்டு முகமூடி, இரண்டு மூச்சுக்குழாய். ஒரு முகமூடியை என்னிடம் நீட்டினாள். அதன் கண்ணாடிக்கு உட்புறம் வட்டமாக இரண்டு லென்ஸ் ஒட்டியிருந்தது.

"உங்க பவர்தான். கடையில மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து செஞ்சேன். ரெண்டு தடவை கழண்டு வந்துடுச்சு. மூணாவது தடவைதான் ஒழுங்கா நின்னுச்சு."

நான் முகமூடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

"யோகாவும் இல்லைங்க. நகராட்சிக் குளத்துல நாலு மாசமா நீச்சல் பழகறேன். உங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்னா எனக்குத் தெரியணுமில்ல?" கொஞ்சம் நிறுத்தினாள். "வர முடியலேன்னா பரவால்ல. இங்கயே இருங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்றேன். ஆனா நீங்களும் பாத்தா நல்லா இருக்கும்."

அவள் என்னை இழுத்திருந்தால் வந்திருக்கமாட்டேன். திட்டியிருந்தாலும் வந்திருக்கமாட்டேன். ஈரமணலில் உட்கார்ந்து, வரவேண்டாம் என்று அனுமதி கொடுத்துவிட்டாளே, அதுதான் என்னை எழுப்பி நிற்கவைத்தது.

கணுக்கால். முழங்கால். தொடை. அவள் கையை நான் பிடித்த பிடியில் விரல் ஒடிந்திருக்க வேண்டும். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இடுப்பளவு வந்ததும் நின்றோம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இது எனக்கு யாரும் சொல்லாத செய்தி.

"மூணு எண்ணறேன். முகத்தை மட்டும் உள்ள வைங்க. கையை விடமாட்டேன்."

"விட்டே, அவ்வளவுதான்!"

"விடமாட்டேங்க."

வைத்தேன்.

முதலில் தெரிந்தது மணலில் ஊன்றி நின்ற அவள் கால். விரல் நகங்களில் சிவப்புச் சாயம். இந்தப் பயணத்துக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்று நாளாகக் கூடவே சுற்றுகிறேன், கரையில் ஒரு தடவைகூட நான் கவனிக்கவில்லை. அப்புறம்தான் மீன் வந்தது. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு. ஒன்று, நாலு, இருபது. என் முழங்காலைக் கொஞ்சமும் மதிக்காமல் சுற்றிக்கொண்டு போயின. ஒவ்வொன்றின் செதிலும் தெளிவாகத் தெரிந்தது. அவள் குனிந்து, முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். அந்தக் கண்கள் சிரித்தன.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமூடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை. இதை யாராவது முன்கூட்டியே சொல்லலாம்.

படகு வந்து பத்து நிமிடமாகியும் நான் கரையேறவில்லை. "போதுங்க, விறைச்சுடுவீங்க" என்று அவள்தான் இழுத்துக்கொண்டு போய் ஏற்றினாள்.

விடுதிக்குத் திரும்பும்போது நான் வேறு மனிதன். ஈரச் சட்டையோடு நெஞ்சை நிமிர்த்தி வரவேற்பறைக்குள் நுழைந்தேன். மனைவி துண்டெடுக்க மாடிக்குப் போனாள். விடுதிக்காரம்மாவின் மேசையில் ஓங்கித் தட்டினேன்.

"நாளைக்குப் பெரிய படகு ஒண்ணு ஆழமான இடத்துக்குப் போகுதாமே, மீன் பாக்க? அதுல எனக்கும் என் மனைவிக்கும் ரெண்டு இடம் போடுங்க! எவ்வளவு செலவானாலும் சரி. இது என் முடிவு!"

விடுதிக்காரம்மா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கண்கள் அகல விரிந்தன. "ஐயோ சார்! நீங்களா? என்ன திடீர்னு இப்படி ஒரு முடிவு?"

"ஆம்பளைன்னா டக்குனு முடிவெடுக்கணும்மா" என்றேன்.

அதற்குள் தொலைபேசி மணியடிக்க, அவர் சாவிக்கொத்து குலுங்க உள்ளே ஓடினார். மேசையில் படகுப் பயணப் படிவங்கள் அடுக்கியிருந்தன. மேலாக இருந்த தாளில் தெரிந்த கையெழுத்து எனக்கு நன்றாகப் பழக்கமான கையெழுத்து. எடுத்துப் பார்த்தேன். தேதி போன மாதம்; ஊரிலிருந்தே தபாலில் அனுப்பியிருக்கிறாள். நாளைய பயணம், இரண்டு இடம், பணம் கட்டியாகிவிட்டது. நீச்சல் தெரிந்தவர்: ஒருவர். தெரியாதவர்: ஒருவர்.

கீழே 'சிறப்புக் குறிப்பு' என்ற கட்டத்தில் என் மனைவி முத்து முத்தாக எழுதியிருந்தாள்: "என் கணவர் வந்து, தானாக முடிவெடுத்ததாகச் சொல்வார். தயவுசெய்து ஆச்சரியப்படவும்."