ஐயோவாக்காரனை எடுக்கலாமா, வேண்டாமா?

பார்மா, ஒஹாயோ
புனித வாரம், செவ்வாய்

என் அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய பெர்னி அக்காவுக்கு,

தம்பி காஸ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே வீட்டுக்காரி லொரெய்ன் நலம். என் இடது முட்டி சுமார். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் உங்கள் இருவரின் புது இடுப்பெலும்புகளும் சௌக்கியமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் லொரெய்ன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் திருத்துவாள். அதனால்தான் பேனா.

விஷயம் இதுதான். மகள் ரெனாட்டாவுக்குக் கல்யாணம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. கோயிலில் பீடம் வரைக்கும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப்போவதில்லை, தனியாகவே நடந்து போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நீ அவளுக்கு ஞானத்தாய். நீ சொன்னால் கேட்பாள். அதற்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் பக்கமும் நியாயம் இருக்கிறது, கொஞ்சம்தான்.

நீ ஃபுட்பால் பார்ப்பதை விட்டு முப்பது வருஷம் ஆகிறது, பிழைத்தாய். ஆனால் ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் நடப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை வியாழன் முதல் சனி வரை அணிகள் முறைவைத்து, சுற்றுச் சுற்றாக, ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும், போன வருஷம் கேவலமாக ஆடியவர்களுக்கு முன்னுரிமை. நாம் மொத்தம் மூன்று ஆட்டம் ஜெயித்தோம், அதனால் மூன்றாவது இடம். முதல் இடமே கிடைத்திருக்க வேண்டியது, கடைசி ஆட்டத்தில் தேவையில்லாமல் ஜெயித்துத் தொலைத்தார்கள். அந்த மூன்றாவது இடத்தில் யாரை எடுப்பது என்பதுதான் ஜனவரியிலிருந்து இந்த ஊரில் ஒரே பேச்சு. எனக்குத் தெற்கேயிருந்து வரும் குவார்ட்டர்பேக் வேண்டும், பந்து எறிகிற பையன். தபால்காரன் வால்ட்டுக்கு, அதுதான் ரிடையர் ஆகியும் இன்னும் எல்லார் வீட்டு விஷயமும் தெரிந்தவன், அவனுக்கு ஐயோவாவிலிருந்து வரும் தடுப்பாட்டக்காரன் வேண்டும். முந்நூற்று முப்பது பவுண்டு. எறிகிறவனுக்கு முன்னால் நின்று அடி வாங்குவதுதான் அவன் வேலை.

போன வெள்ளிக்கிழமை கோயில் பங்கு மண்டபத்தில் தவக்கால மீன் விருந்து. வால்ட் என் எதிரிலேயே வந்து உட்கார்ந்தான்.

“எறியிறவன் எறியணும்னா முதல்ல அவன் நின்னுக்கிட்டு இருக்கணும் காஸ். நம்ம ஆளுங்க எல்லாம் படுத்துக்கிட்டேல்ல எறியிறாங்க!”

“உன் ஐயோவாக்காரனுக்குக் காலே நகராதுய்யா. எதிராளி அவனைச் சுத்திப் போயி, நடுவுல ஒரு காபியும் குடிச்சுட்டுப் போகலாம்.”

“உன் பையன் கையை விரிச்சா எத்தனை இஞ்ச்? ஒன்பதுகூட இல்ல. டிசம்பர் பனியில பந்தை எப்படிப் புடிப்பான்? இந்த மீன் துண்டே வழுக்கிரும் அவனுக்கு.”

அப்போது ரோஸெக் சாமியார் வந்து, தவக்காலத்தில் சண்டை கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, என் காதருகே குனிந்து, “ரெண்டு பேரும் வேணாம்ப்பா, நமக்குப் பந்தைப் புடிக்கிறவன்தான் முக்கியம்” என்றார். மண்டபத்தில் கை தூக்கி வாக்கெடுப்பு நடந்தது. வால்ட்டுக்குப் பதினொன்று, எனக்கு நாலு, அந்த நாலில் ஒருவர் உப்பு கேட்கத்தான் கையைத் தூக்கினார். அந்த எரிச்சலை இரண்டு நாள் வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன் அக்கா.

குருத்தோலை ஞாயிறு வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு ரெனாட்டா வந்திருந்தாள். குதிரைமுள்ளங்கி ஊறுகாய் எடுத்துவர என்னை நிலவறைக்கு அனுப்பினார்கள். பாட்டிலோடு படியேறும்போது அடுப்பங்கரையில் பேச்சுக் கேட்டது.

“முடிவு பண்ணிட்டேம்மா. ஐயோவாக்காரன்தான்.”

“நல்லா யோசிச்சியா?” இது லொரெய்ன்.

“மூணாவது ஆளும்மா. இதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு? பெருசா இருக்கான், பொறுமையா இருக்கான், நின்ன இடத்துல உறுதியா நிக்கிறான்.”

நீயே சொல். மூணாவது, ஐயோவா, பெருசு, உறுதியா நிக்கிறான். ஏப்ரல் மாதத்தில் பார்மாவில் ஒரு மனுஷன் இதை வேறு எப்படிப் புரிந்துகொள்வான்? வால்ட் என் வீட்டுக்குள்ளேயே ஆள் சேர்த்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். படியில் நின்றபடியே கத்தினேன்.

“என் உயிர் இருக்கிற வரைக்கும் அவனை எடுக்க விடமாட்டேன்! காலே நகராது! முட்டியில ஏற்கனவே கத்தி வச்சாச்சு! நல்லா சாப்பிடுறான், அதைத் தவிர என்ன தெரியும்? மூணு வருஷத்துல உட்கார்ந்துருவான், அப்புறம் நாமதான் தூக்கிச் சுமக்கணும்! அவசரப்படாத, ரெண்டாம் சுற்று வரைக்கும் பொறு, இவனைவிட நல்லவங்க மிச்சம் இருப்பாங்க!”

சொல்லிவிட்டு மேலே வந்தேன். பின்வாசலில் டேரில் நிற்கிறான், கையில் சூடான கீல்பாசா தொத்திறைச்சித் தட்டு. ஜனவரியில் நம் வீட்டுச் சூடேற்றியைச் சரிசெய்ய வந்து, அப்புறம் வேலையில்லாமலும் வந்துகொண்டிருந்த அதே டேரில். போன இலையுதிர் காலத்தில்தான் அவனுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனது. அவன் ஐயோவாக்காரன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு தடவை சொன்னதாக ரெனாட்டா சொல்கிறாள். ஆட்டம் நடக்கும்போது சொன்னால் அது சொன்ன கணக்கா? இதற்கு முன்னால் நிச்சயம் வரைக்கும் வந்து நின்றுபோன இருவரையும் உனக்குத் தெரியும். டேரில்தான் மூன்றாவது.

அவன் தட்டை மேஜையில் வைத்து, “ஆறிரும் சார், சாப்பிடுங்க” என்றான். அவ்வளவுதான். ரெனாட்டா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கதவை அறைந்திருந்தால்கூடத் தேவலை அக்கா. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அதுதான் இன்னும் வலிக்கிறது. ஆஸ்பத்திரியில் அவளை முதலில் என் கையில் கொடுத்தபோது ஒரு ஃபுட்பால் அளவுதான் இருந்தாள், எனக்கு வேறு எப்படியும் பிடிக்கத் தெரியாததால் அதேபோல் நெஞ்சோடு சேர்த்துத்தான் பிடித்தேன். ஒரு நாளும் நழுவவிட்டதில்லை. முப்பத்தோரு வருஷம் கழித்து அந்த வாசலில் நழுவவிட்டுவிட்டேன்.

ஆகவே அவளிடம் சொல். டிராஃப்ட்டை அப்பா தலைமுழுகியாயிற்று. இருபத்திரண்டு வருஷமாக ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதிவைத்த நோட்டுகளை எல்லாம் கட்டி நிலவறையில் போட்டாயிற்று. இந்த வருஷம் மட்டுமல்ல, இனி எந்த வருஷமும் பார்க்கமாட்டேன். மூன்றாவதாக வால்ட்டையே எடுத்தாலும் எனக்குக் கவலையில்லை. எனக்கு அவள் கை வேண்டும், பீடம் வரைக்கும். டேரிலும் நல்லவன். நூறு பேரை வரிசையில் நிறுத்தினாலும் இவனைத்தான் முதலில் எடுப்பேன்.

உயிர்த்த ஆண்டவர் உன் வீட்டு முற்றத்துக் கள்ளிச்செடிகளையும் சேர்த்து ஆசீர்வதிக்கட்டும். அத்தானுக்கு என் அன்பு, அவர் இன்னும் எனக்குத் திருப்பித் தராத ஏணிக்கும்.

உன் பாசமுள்ள, வெட்கப்பட்டு நிற்கிற தம்பி,
காஸிமிர்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் டேரில் வந்தான். “நீங்க சொன்னதுல முட்டியும் நிஜம், கால் நகராததும் நிஜம் சார்” என்று சிரித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நம் மூன்றாவது இடத்தையே வேறு அணிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் வரும் சுற்றில் ஆள் எடுக்கவேண்டுமாம்! ஏண்டா என்றால், “ரெண்டாம் சுற்றுல நல்லவங்க மிச்சம் இருப்பாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க” என்கிறான். அவனைத் திருத்துவதற்காக நிலவறையிலிருந்து நோட்டுகளை மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. வால்ட்டையும் கூப்பிட வேண்டியதாயிற்று. மூன்று மணி நேரம் கழித்து ரெனாட்டா வந்து பார்த்தாள், மூன்று பேரும் மேஜையில் கையை விரித்து இஞ்ச் டேப்பால் அளந்துகொண்டிருந்தோம். இஞ்ச் டேப்பைப் பிடுங்கிச் சுருட்டினாள். அப்புறம், “சரிப்பா, உங்க கையைப் புடிச்சுக்கிட்டே நடக்கிறேன். ஆனா தேதி நான்தான் வைப்பேன்” என்றாள். வைத்தும்விட்டாள். அடுத்த வருஷம் ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை, இரவு எட்டு மணி. அது முதல் சுற்று ஆரம்பிக்கிற நேரம்மா என்றேன். “தெரியும்ப்பா” என்றாள். டேரில் முகத்தில் ரத்தமே இல்லை. அக்கா, முன்னே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. எப்படியாவது பேசி அதைச் சனிக்கிழமைக்கு மாற்று. சனிக்கிழமை கடைசிச் சுற்றுகள்தான், மகளுக்காக நான் விட்டுக்கொடுப்பேன்.