பாவம் குடிக்கும் கல்

"உங்க வீட்டுப் பொண்ணு கையில கல்லு கறுத்துப்போச்சு. அதுக்கு மேல நான் பேச என்ன இருக்கு?"

"கல்லு கறுத்தா கல்லைக் கழுவுங்க சம்பந்தி. எங்க பொண்ணை ஏன் கழுவுறீங்க?"

"சம்பந்தின்னு கூப்பிடாதீங்க. அது நேத்தோட முடிஞ்சுது."

ரொட்டிக்கடை வாசலில் க்ளோரிந்தாவும் ரொசெந்தாவும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ரொட்டி வாங்க வந்தவர்கள் வாங்கிவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். அன்றைக்கு எங்கள் சுரங்க ஊரான எல் மொராதோவில் எந்த வீட்டிலும் சூடான ரொட்டி கிடைக்கவில்லை. செய்தி மட்டும் சூடாகக் கிடைத்தது.

க்ளோரிந்தாவின் மகன் ஒனோஃப்ரேவுக்கும் ரொசெந்தாவின் அண்ணன் மகள் எதெல்வினாவுக்கும் பிப்ரவரியில், கந்தெலாரியா மாதா திருநாள் முடிந்த மறுவாரம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. இருந்தது இன்னும் மூன்று வாரம். எதெல்வினா ஊரின் ஒரே தையல்காரி. தாய் தகப்பன் இல்லை, அத்தை வீட்டில் இருந்தாள். தன் கல்யாண உடுப்பைத் தானே வெட்டி, ஒரு கை மட்டும் பாக்கி வைத்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் கல் குறுக்கே வந்தது.

கல்லைக் கொண்டுவந்தவர் சகோதரர் அபுந்தியோ. செப்டம்பரில், எங்கள் பக்கத்துக் குளிர்காலம் முடிந்ததும், ஒரு கோவேறு கழுதையில் வந்து இறங்கினார். வடக்கே வெடியுப்புப் பாலைவனத்தில் தவம் இருந்த ஒரு துறவி சாகும்போது கொடுத்த கல் என்றார். அடுத்த வாரம் அதே துறவி பெண்ணாக இருந்தார். அதற்கடுத்த வாரம் துறவியே இல்லை, மின்னல் விழுந்த குழியில் கிடைத்தது என்றார். மூன்றையும் நம்பினோம். மூன்று பேர் சொன்னால்தானே சந்தேகம் வரும், ஒருவரே சொல்லும்போது என்ன?

கல் ஒரு சவுக்காரக் கட்டி அளவு இருக்கும். மெழுகுவர்த்தி மாதிரி வெளுப்பு. கறுப்புக் கம்பளியில் ஏழு சுற்றுச் சுற்றி, பெட்டியில் பூட்டி வைத்திருப்பார். அதை உள்ளங்கையை விரித்து ஏந்திக்கொள்ள வேண்டும். சுற்றி இருப்பவர்கள் ஒரு செபமாலை சொல்லி முடிப்பார்கள். முடிந்ததும் பார்த்தால், பாவமில்லாதவர் கையில் கல் அப்படியே வெள்ளையாக இருக்கும். சின்னப் பாவம் என்றால் சாம்பல். பெரிய பாவம் என்றால் ஊதா. அதற்கும் மேலே போய்க் கறுத்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் மரியாதைக்கு ஓரடி தள்ளி நிற்பார்கள். பாவத்தைக் குடித்த கல்லை அபுந்தியோ உள்ளே கொண்டுபோய் இரவெல்லாம் செபம் செய்வார். விடிந்தால் மறுபடி வெள்ளை.

கோப்பியாப்போ நகரத்திலிருந்து லாரியில் ஆட்கள் வந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் இரண்டு நாள் நடந்து வந்தார்கள். திருடனைப் பிடிக்க ஒருத்தர், மனைவியைப் பிடிக்க ஒருத்தர், பங்காளியைப் பிடிக்க ஒருத்தர். தன்னைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை.

காணிக்கை இவ்வளவு என்று அபுந்தியோ வாய் திறந்து கேட்டதே கிடையாது. ஆடு கொண்டுவந்தவர்களை உள் அறைக்கு அழைப்பார். நாணல் கூரை, மூடின ஜன்னல், ஒரே ஒரு மெழுகுவர்த்தி. கொடைக்குணம் உள்ள ஆத்மா கூச்சப்படும் என்பார். முட்டையோடும் வெறுங்கையோடும் வந்தவர்களை முற்றத்தில் நிறுத்துவார். அவர்களுக்கு வானமே சாட்சியாக இருக்கட்டும் என்பார். வானத்தில் எங்கள் ஊரில் மேகம் என்ற ஒன்று கிடையாது. ஆடு கொண்டுவந்தவர்கள் எல்லாரும் பரிசுத்தவான்களாகவும், முட்டை கொண்டுவந்தவர்கள் எல்லாரும் பாவிகளாகவும் இருந்தார்கள். எங்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆடு வைத்திருப்பவர்களைப் பற்றி எப்போதும் அப்படித்தான் நினைத்துவந்தோம்.

இத்தனைக்கும் இது கல் தெரியாத ஊர் இல்லை. பச்சைச் செம்புக்கல்லைக் கதவுக்கு முட்டுக்கொடுப்போம். நீலச் செம்புக்கல்லில் கோழிக்கூட்டுச் சுவர் கட்டுவோம். எங்கள் ஆண்கள் ஒரு துண்டை நாக்கால் தொட்டே நூற்றுக்கு எத்தனை செம்பு என்று சொல்லிவிடுவார்கள். அதிலும் பழைய சுரங்க மேஸ்திரி செர்வாந்தோவுக்குத் தெரியாத கல் பூமியில் இன்னும் உண்டாகவில்லை. அவர் அபுந்தியோவின் கல்லை முதல் நாளே பார்த்துவிட்டு, இது இந்த உலகத்துக் கல்லே இல்லை என்று சொல்லிவிட்டார். தனக்குத் தெரியாததால் அது வானத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எங்கள் மலையில் வெள்ளி எடுத்த காலம் அவர் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோயிற்று. மிஞ்சியது செம்பு. அவர் நாக்குக்குத் தெரிந்ததும் செம்பு.

க்ளோரிந்தா சும்மா ஒரு சடங்குக்குத்தான் மருமகளாகப் போகிறவளைக் கல்லிடம் கூட்டிப்போனார். ஊரில் எல்லாரும் பார்க்கிறார்கள், நாமும் பார்த்துவிடலாம் என்று. காணிக்கைக்கு ஒரு தட்டு காய்ந்த அத்திப்பழம். தட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அத்திப்பழத்துக்கு முற்றம்தான். உச்சி வெயில். செபமாலை முடிந்தபோது எதெல்வினாவின் கையில் கல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

ஒனோஃப்ரே பக்கத்தில்தான் நின்றான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். அவன் செய்தது அவ்வளவுதான்.

கல்யாணம் நின்றது. அதோடு போயிருந்தால் கூடப் பரவாயில்லை. மறுநாள் காலையில் மூன்று பெண்கள் வந்து, தைக்கக் கொடுத்திருந்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். கறுத்த கை அளவெடுத்த சட்டையை எந்தக் குழந்தைக்குப் போடுவது என்றார்கள். ஊசியில் சாப்பிடுகிறவள் வீட்டுக்கு அதற்கப்புறம் யாரும் போகவில்லை. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் அவள் ஊரை விட்டுத்தான் போக வேண்டும் என்று எல்லாரும் வருத்தப்பட்டுப் பேசிக்கொண்டோம். வருத்தப்பட்டோமே தவிர, துணியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தோம். இரண்டு நாளும் தையல் மிஷின் சத்தம்தான் கேட்டது. நான் பக்கத்து வீடு, நடுச்சுவர் மெல்லியது. காதை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. வைத்தேன்.

"அத்தை, என் கட்டைவிரல் இருந்த இடம் வெள்ளையா இருந்துச்சு."

"எங்கடி?"

"கல்லுல. நழுவிடுமோன்னு மேல அழுத்திப் பிடிச்சிருந்தேன். எடுத்துப் பாத்தா விரல் இருந்த இடம் மட்டும் வெள்ளை, மத்ததெல்லாம் கறுப்பு. பாவம் என் கையில இருந்தா, கை பட்ட இடந்தானே கறுக்கணும்?"

"பாவம் எப்படிப் பரவும்னு நமக்கென்னடி தெரியும்."

"பாவம் தெரியாது. வெயில் தெரியும். ஜன்னல்ல மாட்டியிருந்த நீலத் துணி வெளுத்தப்போ, மேல குத்தி வச்சிருந்த அளவுக் காகிதம் மறைச்ச இடம் மட்டும் அப்படியே நீலமா நின்னுச்சே, ஞாபகம் இல்லையா?"

"அது வெளுத்துச்சு. இது கறுத்துல்ல போச்சு."

"நாமளும் வெயில்ல கறுக்கத்தானே செய்றோம் அத்தை. நம்மள யாரு பாவின்னா?"

அப்புறம் ரொசெந்தா, ஆட்டை அவிழ்க்கட்டுமா என்று கேட்டார். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஆடு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே அபுந்தியோவின் முற்றத்தில் இருந்தது. எதெல்வினா ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் தடவை பார்க்க வேண்டும் என்றாள். ஆட்டைப் பார்த்ததும் அபுந்தியோவின் முகம் கனிந்தது. திருந்தி வந்த மகளே, உள்ளே வா என்றார். அவள் நகரவில்லை. முற்றத்திலேயே பார்க்கலாம் என்றாள்.

"முற்றத்துல கல்லு கொஞ்சம் கடுமையா இருக்கும்மா."

"உள்ள போனா கல்லுக்குப் பல்லு விழுந்துடுமா, சகோதரரே?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வெயில் வேண்டாம் என்று அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கம்பளியைப் பிரித்தார். ஏழு சுற்று. கல் பால் போல இருந்தது. அவர் அதை அவள் கையில் வைக்கப் போனார். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கிணற்றுத் திட்டைக் கண்ணால் காட்டினாள். கல்லை அங்கே வைக்கச் சொன்னாள். பிறகு இடுப்பிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக் கல்லின் மேல் படுக்க வைத்தாள்.

"நான் தொடல. யாரும் தொட வேண்டாம். கத்தரிக்கோல் போன வருஷம் வாங்கினது, பாவம் பண்ண அதுக்கு இன்னும் வயசாகல. எல்லாரும் செபமாலை சொல்லுங்க."

சொன்னோம். செபமாலையின் நடுவில் அபுந்தியோ இரண்டு முறை இருமி, ஒரு முறை கல்லுக்கு நேராக வந்து நிழல் விழும்படி நின்றார். ரொசெந்தா அவரை நகரச் சொன்னார். ஆமென் சொன்னதும் எதெல்வினா கத்தரிக்கோலை எடுத்தாள்.

கல் ஊதாக் கறுப்பு. அதன் நடுவில் வெள்ளையாக ஒரு கத்தரிக்கோல். கூர் நுனி அலகு, இரண்டு வளையம், வளையத்துக்குள் மட்டும் கறுப்பு.

முதலில் பேசியவர் அபுந்தியோதான். அந்த மனிதரைச் சும்மா சொல்லக்கூடாது, புத்தி வேகம். இங்கே கூடியிருப்பவர்களின் பாவத்தைக் கல் குடித்துவிட்டது என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினோம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவனுடையதாகத்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் ஒரு யோசனை இருந்தது.

எதெல்வினா அதற்கும் ஆயத்தமாக வந்திருந்தாள். கத்தரிக்கோலை விரித்து ஒரு அலகால் கல்லின் மேல்புறத்தைச் சீவினாள். சவுக்காரம் மாதிரி சுருள் சுருளாக வந்தது. கறுப்பு போய், கீழே மறுபடி வெள்ளை.

"ராத்திரி எல்லாம் நீங்க பண்ற செபம் இதுதானே, சகோதரரே? சரி, இப்ப நீங்க பிடிங்க. உங்ககிட்டதான் பாவமே இல்லையே."

அபுந்தியோ வாங்கினார். வாங்கின வேகத்தில் இரண்டு கையாலும் பொத்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மிட்டாயைத் தம்பிக்குக் காட்டாத பிள்ளை மாதிரி.

"நாங்கல்லாம் உள்ளங்கையை விரிச்சுப் பிடிச்சோம்," என்றாள் எதெல்வினா. "நீங்க ஏன் மூடுறீங்க?"

அவர் கையைத் திறக்கவில்லை. நாங்கள் யாரும் செபமாலை சொல்லவில்லை. சும்மா அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு ஆள் தன் கையைத் திறக்கப் பயப்படுவதை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் செர்வாந்தோவின் தொண்டை திறந்தது. இது கொம்பு வெள்ளி, தாத்தா சொல்லியிருக்கும் வெள்ளித் தாது என்றார். அந்தக் காலத்தில் நம் மலையில் மூட்டை மூட்டையாக எடுத்தது, கத்தியால் சீவலாம், மெழுகுவர்த்தியில் உருகும், இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்தால் கறுக்கும், பழைய குழி எதையாவது தோண்டி எடுத்திருப்பான் என்றார். முதல் நாளே தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லாருக்கும் முதல் நாளே தெரிந்திருந்தது. ஆட்டையும் கோழியையும் திருப்பிக் கேட்கப் போனவர்களுக்கு இறகுதான் கிடைத்தது. ரொசெந்தாவின் ஆடு மட்டும், கயிறு எதெல்வினாவின் கையிலேயே இருந்ததால் வீடு திரும்பியது.

திங்கட்கிழமை மூன்று பெண்களும் துணியோடு வந்தார்கள். எதெல்வினா வாங்கிக்கொண்டு, போன முறையைவிடக் கூடுதல் கூலி சொன்னாள். கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை ஒனோஃப்ரே வந்தான், தலையைப் படிய வாரிக்கொண்டு. அம்மா சம்மதித்துவிட்டார், தேதியை மாற்ற வேண்டியதில்லை என்றான்.

"கல்லு கறுத்தப்போ நீ என்ன நினைச்ச?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "கொஞ்சம் சந்தேகம் வந்துச்சு."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒரு பட்டாணி அளவுக்கு விலக்கிக் காட்டினான். அவள் அதை நன்றாகப் பார்த்தாள். அளவெடுத்துப் பழகின கண்.

"அதை வச்சுக்கிட்டுக் காலம் முழுக்க என்னால குடும்பம் நடத்த முடியாது, ஒனோஃப்ரே. வீட்டுக்குப் போ."

கல்யாண உடுப்புக்கு மிச்சக் கையையும் தைத்து, அதைக் கோப்பியாப்போவில் விற்றாள். ஒன்றரை வருஷம் கழித்து அத்தையையும் ஆட்டையும் கூட்டிக்கொண்டு கல்தேரா துறைமுகத்துக்குக் குடிபோனாள். அங்கே பாய்மரத் துணி தைக்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டாள் என்று கேள்வி. ஒனோஃப்ரே ரொட்டிக்கடைக்காரரின் இரண்டாவது பெண்ணைக் கட்டினான். க்ளோரிந்தா இன்றைக்கும், கல் சொன்னது சரிதான், அவள் என் மகனைக் கட்டவில்லை பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். புது மருமகளுக்குக் கல் பார்க்கவில்லை. கோழி முட்டை உடைத்துக் குறி சொல்கிற ஒருத்தியிடம் பார்த்தார்.

அபுந்தியோ தெற்கே அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விட்டார். இப்போது அவரிடம் பச்சைக் கல் இருக்கிறது, நாங்கள் கதவுக்கு முட்டுக்கொடுக்கிற அதே செம்புக்கல். அதைப் புளித்த திராட்சை ரசத்தில் ஊறவைத்துக் குடிக்கக் கொடுக்கிறார். குடித்தவுடன் வாந்தி வருகிறது. உள்ளே இருந்த கெட்டது வெளியே போகிறது என்கிறார். போன மாதம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு வண்டி போயிற்று. முன் இருக்கையில் செர்வாந்தோ. போய்வந்தவர்கள் நல்ல குணம் தெரிகிறது, வயிறு காலியாக லேசாக இருக்கிறது என்கிறார்கள். குடிக்காமல் இருந்தால் அந்த வாந்தி வருமா என்று அபுந்தியோவிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தால் போதும். கேட்பதற்கு வாய் எல்லாருக்கும் இருக்கிறது. வாய்க்கு மேலே இருக்கிற மூளையை எடுத்துக்கொண்டு போனவர் இதுவரை யாரும் இல்லை.