மறு ஏலம் கிடையாது

ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் கூறப்போகும் நேரத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. அதுவரை ஓஸ்வால்ட் பாதிக் கண் மூடி, மனதுக்குள் முந்திரியும் திராட்சையும் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அறுப்பின் பண்டிகையில இந்த வருஷம் சில மாற்றங்கள்," என்று சபைக் கமிட்டியின் செயலாளர் ஆண்ட்ரூ மைக்கில் படித்தார். "அசனச் சாப்பாட்டுக்கு பிளாஸ்டிக் தட்டு கிடையாது. ஏலப் பணத்தைப் போன்லயே கட்டலாம். மூணாவது, எந்தப் பொருளையும் ஒரு தரம்தான் ஏலம் விடுவோம். எடுத்தவங்க வீட்டுக்குக் கொண்டுபோயிடணும். திரும்பக் காணிக்கையா வைக்கக் கூடாது. மறு ஏலம் கிடையாது."

ஓஸ்வால்டின் கண்கள் இரண்டும் முழுசாகத் திறந்துகொண்டன.

முதல் மாற்றம் நல்லதுதான். இரண்டாவது இளவட்டங்களுக்கு. மூன்றாவது தன்னைக் கவிழ்ப்பதற்கென்றே கொண்டுவரப்பட்டது என்பதில் அவருக்குத் துளியும் ஐயமில்லை.

காரணம் இருந்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் பூசணிக்காய், சேவல், வாழைத்தார், வீட்டு ஊறுகாய் என்று எல்லாம் வரும். மேசைமேல் ஏறிவிட்ட பொருளுக்குக் கடை விலை செல்லாது. பக்திக்கும், பக்கத்து பெஞ்சுக்காரர்மேல் உள்ள போட்டிக்கும் தக்கபடி விலை ஏறும். எடுத்தவர் மனம் இளகினால், "ஆண்டவருக்கே திரும்ப வெச்சுக்குங்க" என்று அதே பொருளை மேசைக்கே கொடுத்துவிடலாம். அதை மறுபடி ஏலம் விடுவார்கள். மற்றவர்களுடைய பொருள் எப்போதாவது ஒருமுறை இப்படித் திரும்பி வரும். ஓஸ்வால்ட் தன் கையால் செய்து கொடுக்கும் பழக் கேக் மட்டும் வருஷம் தவறாமல், திரும்பத் திரும்ப வந்தது. ஒரு வருஷம் ஐந்து தரம்.

ஜீவனஹள்ளியில் இருந்த அவருடைய பேக்கரியின் வாசலில் அன்றைக்கே ஒரு போர்டு ஏறியது. 'ஒரே நாளில் ஐந்து முறை ஏலம் போன கேக். எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது.' கிறிஸ்துமஸ் ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

இத்தனைக்கும் அவர் மாவில் கை வைப்பது ஆண்டுக்கு ஒரு தரம்தான். பன், ரஸ்க், பப்ஸ், விற்கிற கேக் எல்லாம் கடை மாஸ்டருடைய வேலை. பண்டிகைக் கேக் மட்டும் அப்பாவுடைய முறை. அப்பா கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் போட்டது ஓஸ்வால்டுக்கு நன்றாக நினைவிருந்தது. அளவுதான் நினைவில்லை. அதனால் கை தாராளமாக இருக்கும். சர்க்கரை நோய் வந்து டாக்டர் இனிப்பைத் தடுத்ததிலிருந்து அவர் அதை ருசி பார்த்ததில்லை. மனைவி யூனிஸிடம் ஒரு துண்டு கொடுத்து, "எப்படி?" என்று கேட்பார்.

"மாமா ஞாபகம் வருது," என்று சொல்லிவிட்டு யூனிஸ் தண்ணீர் குடிப்பாள்.

கேக் ஆறும்போது அதை மூடக்கூட மாட்டார். "பாரு, ஒரு எறும்பு ஏறுதா? அதுக்குப் பேருதான் சுத்தம்," என்பார்.

அன்று கோயிலிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதே விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

"கமிட்டிக்குப் புதுசா வந்தது யாரு?"

"லீனா," என்றாள் யூனிஸ்.

"எந்த லீனா?"

"இன்னாங்க, டிரேவர் சம்சாரம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். உன் வாயால வரட்டும்னுதான் கேட்டேன்."

டிரேவர் அவருடைய கடைக்கு நேர் எதிரே புதுசாகப் பேக்கரி திறந்தவன். கண்ணாடிக் கதவு, ஏசி, உட்கார்ந்து சாப்பிடச் சோபா. ஒரே தெரு, ஒரே சபை. இப்போது ஒரே கமிட்டியில் அவன் மனைவியும். மறு ஏலம் நின்றால் ஓஸ்வால்டின் கேக் ஒரே தரத்தோடு நின்றுவிடும். போர்டு பொய்யாகிவிடும். கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடும். கோர்வையாக யோசித்துப் பார்த்தபோது, இவ்வளவு நேர்த்தியான சதியைத் தீட்டியவனை ஓஸ்வால்டால் உள்ளூர மெச்சாமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் ஆண்ட்ரூவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

"இந்த ரூல மொதல்ல சொன்னது யாரு, பிரதர்?"

"சும்னே, சும்மா ஒரு ரூல். எல்லாரும் சேர்ந்து பேசினோம்," என்றார் ஆண்ட்ரூ.

"எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்துல வாயத் தொறந்தீங்களா?"

ஆண்ட்ரூ ஒரு வெற்றுத்தாளை எடுத்து மெஷினில் வைத்து ஜெராக்ஸ் எடுக்க ஆரம்பித்தார். "சொன்னவங்க பேரு வெளிய வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. பாவம், அவங்க கஷ்டம் அவங்களுக்கு."

"ஏசியில உக்காந்திருக்கிறவனுக்கு இன்னா கஷ்டம்?"

"யாரச் சொல்றீங்க?"

"நீங்க யாரச் சொல்லலியோ, அவனத்தான்."

ஆண்ட்ரூ வெற்றுத்தாளின் நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது நன்றாகவே வந்திருந்தது.

அன்று மாலையே டிரேவர் தெருவைக் கடந்து ஓஸ்வால்டின் கடைக்குள் வந்தான். ஆண்ட்ரூ போன் செய்திருக்கிறார், வேறென்ன. ஒரு பாக்கெட் ரஸ்க் வாங்கினான். போர்டை அண்ணாந்து பார்த்தான். ரஸ்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வருஷம் ஏலத்துக்குக் கேக் வேணாமே. உங்க காரா பன் ஒரு கூடை குடுங்க. ஜனங்க அடிச்சுக்குவாங்க."

"கேக்கு யாரு குடுப்பா? நீயா?"

"ஐயோ, நான் குடுக்கல அங்கிள். நான் வாழைத்தார் குடுக்கிறேன்."

பேக்கரி வைத்திருப்பவன் வாழைத்தார் கொடுக்கிறானாம். அவன் போன பிறகு ஓஸ்வால்ட் நெடுநேரம் எதிர்க் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பையன் சொல்றதும் சரிதான். காரா பன்னே குடுங்களேன்," என்றாள் யூனிஸ்.

"நீயும் அவங்க பார்ட்டியா?"

"நான் எந்தப் பார்ட்டியும் இல்ல. உங்ககூடதான் குடும்பம் நடத்துறேன்."

இந்தப் பதிலில் ஏதோ ஒளிந்திருப்பதாக அவருக்குப் பட்டது. ஆனால் யூனிஸைத் துருவ நேரமில்லை. ஒரு தரம்தான் ஏலம் என்றால், அந்த ஒரு தரத்திலேயே ஐந்து தரத்துக்கான பேர் வந்தாக வேண்டும். கேக்கை இரண்டு மடங்காக்கினார். அடுப்பு அவ்வளவு பெரிய தட்டைக் கொள்ளவில்லை. இரண்டு கேக்காகச் சுட்டு, சர்க்கரைப் பாகால் ஒட்டினார். பெரிய கேக்குக்கு மணமும் பெரிதாக வேண்டாமா என்று கிராம்புப் பொடியை இரண்டு மடங்குக்கும் மேலே ஒரு கை சேர்த்தார். கடை மாஸ்டர் வெளியே போய் நின்றுகொண்டார்.

அடுத்து, ஏலம் எடுக்க ஆள் சேர்க்கக் கிளம்பினார். முன்பு அந்தக் கேக்கை எடுத்தவர்களிடமே போவதுதான் முறை. முதலில் மரியா டீச்சர்.

"அன்னைக்கு நான் ஊர்ல இல்லீங்களே," என்றார் டீச்சர்.

"எங்க போறீங்க?"

"ஓசூர்."

"ஓசூர்தானே. காலைல போனா மத்தியானம் வந்துடலாமே."

"வந்துடலாம். ஆனா டயர்டா இருக்கும்."

அடுத்தது, ஐந்து தரம் போன வருஷத்தில் மூன்றாவதாக எடுத்த தருண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன்.

"முன்ன மாதிரி திருப்பி வெச்சுடலாம்னா எடுத்துடுவேன் அங்கிள்," என்றான் அவன். "வீட்டுக்குக் கொண்டுபோகணும்னா... எங்க அபார்ட்மென்ட்ல லிப்ட் ரொம்பச் சின்னது."

"நீ கிரவுண்ட் ப்ளோர்தானடா?"

"ஆமா அங்கிள். அதுவும் ஒரு பிரச்சினைதான்."

ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் டிரேவர் வளைத்துப் போட்டிருக்கிறான். இப்படி வாயை அடைப்பதற்கு அவன் என்ன கொடுத்திருப்பான் என்பதுதான் புரியவில்லை. பேஸ்ட்ரியாக இருக்கலாம்.

கடைசியில் யூனிஸின் தம்பி டேரிலைக் கூப்பிட்டு அனுப்பினார். சிவாஜிநகரில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். சொன்னதைச் சொன்னபடி செய்வான். அதற்கு மேல் ஒரு அங்குலம் நகரமாட்டான்.

"கவனமாக் கேளு. யாரும் வாயத் தொறக்கலன்னா நீ ஆரம்பி. ஏத்திக்கிட்டே போ. யாரு போட்டிக்கு வந்தாலும் விடாத. நான் கர்சீப் எடுத்து மூக்கத் தொடச்சா மட்டும் நிறுத்து."

"கர்சீப்," என்று டேரில் மனப்பாடம் செய்துகொண்டான். "மூக்கு. புரிஞ்சுது மாமா. காசு?"

"நம்ம காசுதான். ஆனா அவ்ளோ தூரம் போகாது. ஒருத்தன் கேட்டுட்டா மத்தவங்க சும்மா இருக்க மாட்டாங்க."

பண்டிகையன்று கேக்கை ஆட்டோவிலிருந்து இறக்கவே இரண்டு ஆள் தேவைப்பட்டது. மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, கேட் பூட்டுவது எல்லாம் பார்க்கும் கோயில்பிள்ளை ராஜேஷ்குமார் ஒரு பக்கம் பிடித்தான். எந்த வருஷமும் அந்தக் கேக்கைக் கண்டால் முகம் சுருங்குகிறவன், இன்று கல்யாண வீட்டு ஆள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். ஓஸ்வால்ட் அதையும் மனதில் குறித்துக்கொண்டார். கோயில்பிள்ளைக்குக்கூடப் பேஸ்ட்ரி போயிருக்கிறது.

மேசைமேல் வைத்தபோது கேக் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓஸ்வால்ட் சட்டைப் பையிலிருந்த கர்சீப்பை நாலாக மடித்து அடியில் கொடுத்தார். நேராக நின்றது.

பூசணிக்காய் போனது. சேவல் கூவிக்கொண்டே போனது. டிரேவரின் வாழைத்தாருக்கு மூன்று பேர் மோதினார்கள். ஓசூர் போயிருக்க வேண்டிய மரியா டீச்சர்தான் அதை எடுத்தார்.

"அடுத்தது, நம்ம ஓஸ்வால்ட் பிரதர் கேக்," என்றார் ஆண்ட்ரூ. "ஆயிரத்துல ஆரம்பிக்கலாமா?"

சபை மின்விசிறியைப் பார்த்தது. தருண் குனிந்து ஷூ லேஸ் கட்டினான். அவன் போட்டிருந்தது செருப்பு.

"ஆயிரம்," என்றான் டேரில்.

"ஆயிரம் ஒருதரம்."

"ரெண்டாயிரம்," என்றான் டேரில்.

"தம்பி, முன்னாடி கேட்டதும் நீங்கதான்."

"பரவால்ல. மூவாயிரம்."

பெண்கள் பக்கத்தில் யாரோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மொத்த சபையும் பார்க்க, அவருடைய கேக்கை அவருடைய மச்சான் தனக்குத் தானே போட்டி போட்டு ஏற்றிக்கொண்டிருந்தான்.

அப்போது டிரேவர் எழுந்தான். லீனா அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததையும், அவன் அவளிடம், "பாவம், விடு," என்று முணுமுணுத்ததையும் ஓஸ்வால்ட் பார்த்தார்.

"நாலாயிரம்," என்றான் டிரேவர்.

இதுதானா உன் திட்டம், என்று ஓஸ்வால்டுக்குப் பளிச்சென்றது. கேக்கைக் கொண்டுபோய் வெட்டிப் பார்த்து, அப்பாவின் கைப்பக்குவத்தைத் திருடப் போகிறான்.

"அஞ்சாயிரம்," என்றான் டேரில்.

"ஆறு," என்றான் டிரேவர், கண்ணை மூடிக்கொண்டு.

அந்த நொடியில் ஓஸ்வால்டின் நினைப்பு தலைகீழாக மாறியது. திருடினால் திருடட்டுமே. எதிர்க் கடைக்காரனே ஆறாயிரம் கொடுத்து வாங்கிய கேக் என்று போர்டு வைத்தால், ஐந்து தரம் எல்லாம் அதன் கால் தூசு பெறாது. இங்கே நிறுத்த வேண்டும். மூக்கைத் துடைக்க வேண்டும். கை சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது. கர்சீப் கேக்குக்கு அடியில் இருந்தது.

சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். டேரில் அவரையே உற்றுப் பார்த்தான். வலது கையால் துடைத்தார், இடது கையால் துடைத்தார், கடைசியில் யூனிஸின் முந்தானையைப் பிடித்து இழுத்துத் துடைத்தார்.

"இன்னாங்க இது, கோயில்ல," என்று அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏழாயிரம்," என்றான் டேரில். சொன்ன சொல் தவறாதவன்.

டிரேவர் நெஞ்சில் கை வைத்து, பெருமூச்சு விட்டு, உட்கார்ந்துவிட்டான். லீனா கண்ணை மூடி ஜெபம் செய்வதுபோல் இருந்தது.

"ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்."

கைதட்டல் நின்றபாடில்லை. டேரில் வெற்றி வீரன் மாதிரி எழுந்து, எல்லாரும் வழக்கமாகச் சொல்வதைத் தானும் சொல்ல ஆரம்பித்தான். "இத ஆண்டவருக்கே திரும்ப..."

"மறு ஏலம் கிடையாது," என்றது சபை மொத்தமும். ஞானப்பாட்டுக்குக்கூட அவர்கள் அவ்வளவு ஒற்றுமையாக வாய் திறந்து ஓஸ்வால்ட் கேட்டதில்லை.

ஆக, ஏழாயிரம் ரூபாய்க்குத் தன் கேக்கைத் தானே வாங்கிக்கொண்டு ஓஸ்வால்ட் கேட்டருகே ஆட்டோவுக்குக் காத்து நின்றார். டேரில் கொஞ்ச தூரத்தில் நின்று, "கர்சீப்னுதானே மாமா சொன்னாரு," என்று அக்காவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தான். ராஜேஷ்குமார் மட்டும் கூப்பிடாமலே ஓடி வந்து, கேக்கைத் தூக்கி ஆட்டோ சீட்டில் ஏற்றி, விழுந்துவிடாமல் இருக்கக் கயிறும் கட்டினான். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

"பாத்தியா ராஜேஷு," என்றார் ஓஸ்வால்ட், எதிர்ப்புறம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்த டிரேவரைக் காட்டி. "ஒரு ரூலப் போட்டு என்னை ஒழிச்சுட்டான்."

ராஜேஷ்குமார் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அவரு மேல பழி போடாதீங்கண்ணா, ரூல் வேணும்னு கமிட்டி கால்ல விழுந்தது நான்தான், ஆளாளுக்குத் திருப்பி வெச்சுட்டுப் போயிடுறாங்க, கடைசில எடுக்க ஆளில்லாம அது என் வீட்டுக்குத்தான் வருது, போன வருஷத்துதே இன்னும் ஒரு எறும்பு ஏறாம அப்படியே கீது, எங்க தெருவுல யாருக்குப் பல்லு வலிச்சாலும் அதுலதான் ஒரு துண்டு கிள்ளிக் குடுக்கிறோம்."